எந்தப் பள்ளிக்குக் கேடயம்? ஒரு வட்டாரத் தமிழ்க் குழுவின் நிகழ்வு ஆய்வு

எங்கே தொடங்கியது

சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிற தமிழ்த் தொண்டூழியர் குழு எங்களுடையது. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவுவதுதான் வேலை. கணக்கு, அறிவியல், ஆங்கிலக் கட்டுரை, கேட்டால் தமிழும். பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. ஏழெட்டுப் பேர், ஓர் அறை, ஒரு வெள்ளைப் பலகை. எங்களிடம் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக் கல்லூரிக்கும் பட்டயப் படிப்புக்கான பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் போனவர்களில் பலர் இன்னும் வாட்ஸ்அப்பில் தொடர்பில் இருக்கிறார்கள். அந்தத் தொடர்புதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

2022 அக்டோபரில் ஒரு பெரியவர் எங்களைத் தேடி வந்தார். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் பல வருடம் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். பதினாலு வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் கடைக்கு வந்தவர், அதை யாரிடமும் மறைக்கவும் மாட்டார். "நம்ம பிள்ளைங்களை மேல்படிப்புக்கு நல்லாத் தயார் பண்ற அரசாங்கப் பள்ளி எதுன்னு கண்டுபிடிச்சு, ஒவ்வொரு வருசமும் ஒரு கேடயம் குடுங்க தம்பி, செலவு என்னுது" என்றார். எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு அமைத்தோம், அதில் நானும் ஒருவன். இதை எழுதக் காரணம், இதே ஆசையோடு வேறு குழுக்களும் இறங்கக்கூடும், நாங்கள் செய்த தவறை அவர்கள் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதுதான்.

முதல் பட்டியல்

முதல் கூட்டத்திலேயே எளிய வழி ஒன்று கிடைத்துவிட்டதாக நினைத்தோம். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில், 2021 முதல், நான்கு பாடங்களுக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை போட்டுக் கூட்டுகிறார்கள். மொத்தம் 4 என்றால் மிகச் சிறப்பு, 32 என்றால் கடைசி. ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் சென்ற ஆண்டு சேர்ந்த முதல் மாணவரின் மதிப்பெண்ணும் கடைசி மாணவரின் மதிப்பெண்ணும் கல்வி அமைச்சின் இணையத்தளத்திலேயே இருக்கின்றன. அந்தக் கடைசி எண்ணைத்தான் பெற்றோர் எல்லாரும் 'கட் ஆஃப்' என்கிறார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வடக்கு வட்டாரப் பள்ளிகள் பதினாலை அந்த எண்ணின்படி எக்செல்லில் வரிசைப்படுத்தினேன். மேலே இருந்த மூன்றுக்குப் பச்சை வண்ணம்கூடப் பூசினேன்.

அடுத்த சனிக்கிழமை அதை மேசையில் வைத்தபோது, முப்பது வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர், அவரும் குழுவில் இருந்தார், தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "இந்த எண்ணைப் பள்ளி வாங்குச்சா, பிள்ளை வாங்குச்சா?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த எண் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொடக்கப்பள்ளியில் எழுதிய தேர்வின் எண். உயர்நிலைப் பள்ளி அந்தப் பிள்ளையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே வந்துவிட்ட எண். பள்ளி அதை நிர்ணயிப்பதும் இல்லை. அந்த வருடம் எத்தனை பேர் அந்தப் பள்ளியைக் கேட்டார்கள், எத்தனை இடம் இருந்தது என்பதை வைத்துக் கடைசியில் உள்ளே வந்தவரின் மதிப்பெண், அவ்வளவுதான். பள்ளி நான்கு, ஐந்து வருடத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தது என்பதை அது துளியும் சொல்லாது. பட்டியலின் உச்சியில் இருந்த பள்ளியிலிருந்து எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு அதுவரை ஒரு பிள்ளைகூட வந்ததில்லை என்பதையும் டீச்சர்தான் சுட்டிக்காட்டினார்.

சரி, நுழையும்போது உள்ள எண் வேண்டாம், வெளியே வரும்போது உள்ள தேர்வு முடிவை வைத்துப் பார்ப்போம் என்றார் ஒருவர். அதற்கும் வழி இல்லை. சிங்கப்பூரில் 1992 முதல் உயர்நிலைப் பள்ளிகளைத் தேர்வு முடிவுப்படி வரிசைப்படுத்தி வெளியிட்டு வந்தார்கள். 2004 வாக்கில் அதைத் தளர்த்தி, நெருக்கமான முடிவு உள்ள பள்ளிகளை ஒரே தொகுதியில் போடத் தொடங்கினார்கள். 2012-ல் அந்தத் தொகுதி முறையும் போய்விட்டது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் வந்த பிள்ளையின் பெயரை அறிவிப்பதும் அதே 2012-ல் நின்றது. டீச்சர் அந்தப் பழைய காலத்தில் வேலை பார்த்தவர். பட்டியல் செய்தித்தாளில் வரும் நாள்களில் ஆசிரியர் அறை எப்படி இருக்கும் என்று சொன்னார். கணக்கில் தடுமாறுகிற பிள்ளையைப் பார்த்தால், இவன் கூடுதல் கணிதம் என்ற விருப்பப் பாடத்தை எழுதினால் நம் சராசரி என்ன ஆகும் என்கிற நினைப்பு முதலில் வந்துவிடும், அந்த நினைப்பு எனக்கும் வந்திருக்கிறது என்று அவர் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை.

பட்டியலை ஒதுக்கி வைத்தோம். ஆனால் அழிக்கவில்லை. அது என் தவறு.

பட்டியல் வெளியே போனது

நவம்பர் கடைசியில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வரும். வந்த ஒரு வாரத்துக்குள் பெற்றோர் ஆறு பள்ளிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அந்த வாரத்தில் எங்கள் தொண்டூழியர் ஒருவர், நல்லெண்ணத்தில், என் எக்செல் தாளைப் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். கீழே 'நம்ம குழு தயாரித்த பட்டியல்' என்று ஒரு வரி. பச்சை வண்ணத்தோடு அது எத்தனை பேருக்குப் போனதென்று தெரியாது.

ஓர் அம்மாவுக்கு அது போனது நிச்சயம் தெரியும். அவர் மகன் 15 வாங்கியிருந்தான். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளி இருந்தது, அங்கே தமிழ் வகுப்பும் உண்டு, அவனுடைய அக்கா அங்கேதான் படித்தாள். அதைத்தான் முதலில் போடுவதாக இருந்தார்கள். எங்கள் பட்டியலில் அந்தப் பள்ளி ஒன்பதாவது இடம். அம்மா ஒரே இரவில் மனம் மாறி, பட்டியலில் மேலே இருக்கிற பள்ளிகளோடு ஒப்பிட்டு, அதே அளவு கட் ஆஃப் உள்ள, வேறு வட்டாரத்தில் இருக்கிற ஒரு பள்ளியை முதலில் போட்டார். இடமும் கிடைத்தது.

2023 ஜனவரியில் பள்ளி தொடங்கியது. காலையில் ஒரு பேருந்து, பிறகு ரயில், மறுபடி ஒரு பேருந்து. அந்தப் பள்ளியில் தமிழ் இல்லை, அதனால் பள்ளி முடிந்ததும் பீட்டி ரோட்டில் இருக்கிற உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும். நிலையத்தில் பாடம் நன்றாகவே நடக்கிறது, அதில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த நாள்களில் வீடு வந்து சேர இருட்டிவிடும். காற்பந்துதான் அவன் உயிர். இணைப்பாட நடவடிக்கையில் காற்பந்துப் பயிற்சியும் தமிழ் வகுப்பும் ஒரே நாளில் மோதின, காற்பந்தை விட்டான். மார்ச்சுக்குள் சனிக்கிழமை வகுப்புக்கு வருவதையும் நிறுத்தினான், தூங்க வேண்டும் என்றான். அவன் அக்கா வந்து இதைச் சொன்னபோதுதான் எங்களுக்கு முழு விஷயமும் தெரிந்தது.

நானும் டீச்சரும் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "நீங்க போட்டா சரியாத்தானே இருக்கும்னு நினைச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே படத்தை நீக்கச் சொல்லி, பட்டியல் தவறானது, ஏன் தவறானது என்று அதே குழுவில் நான் என் பெயர் போட்டு எழுதினேன். நாலு மாதம் தாமதம். கேடயத் திட்டத்தையே விட்டுவிடலாமா என்று பேசினோம். விடக்கூடாது, ஆனால் முதலிலிருந்து யோசிக்க வேண்டும் என்று முடிவானது.

அமெரிக்காவில் எண்ணிய விதம்

குழுவில் ஒருவர் நியூ ஜெர்சியில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே பொது உயர்நிலைப் பள்ளிகளைக் கல்லூரித் தயாரிப்பின்படி அடையாளம் காட்டுகிற பட்டியல்கள் நிறைய, அவற்றில் இரண்டை அவர் விளக்கினார்.

ஒன்று, ஜே மேத்யூஸ் என்ற செய்தியாளர் உருவாக்கியது. 1998-ல் நியூஸ்வீக் இதழில் வந்தது. கணக்கு மிக எளிது. கல்லூரித் தரத்தில் இருக்கிற ஏபி, ஐபி போன்ற தேர்வுகளை அந்தப் பள்ளியில் மொத்தம் எத்தனை முறை எழுதினார்கள் என்று எண்ணி, அந்த வருடம் படிப்பை முடிக்கிற மாணவர் எண்ணிக்கையால் வகுப்பது. தேர்ச்சி பெற்றார்களா என்பது கணக்கில் வராது, எழுதினார்களா என்பதுதான். கேட்டவுடனே எனக்கு இது அசட்டுத்தனமாகப் பட்டது. அதன் பின்கதையைச் சொன்னார். கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கார்ஃபீல்ட் என்ற பொதுப் பள்ளி, ஏழைப் பிள்ளைகள் அதிகம். பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலாந்தே என்ற கணக்கு ஆசிரியர் அங்கே நுண்கணிதம் சொல்லிக்கொடுத்தார். 1982-ல் 18 பேர் ஏபி தேர்வில் தேர்ச்சி பெற்றார்கள். இந்தப் பள்ளியிலிருந்தா என்று தேர்வு நிறுவனத்துக்குச் சந்தேகம், 14 பேரின் விடைத்தாளைக் கேள்விக்குள்ளாக்கியது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், 12 பேரும் தேர்ச்சி. மேத்யூஸ் அந்தப் பள்ளியை அருகிலிருந்து பார்த்தவர். வசதியான ஊர்களின் பள்ளிகளிலும் கடினமான வகுப்புக்குள் பிள்ளைகளை விடாமல் வாசலிலேயே நிறுத்துவதைப் பார்த்துவிட்டுத்தான், யார் கதவைத் திறக்கிறார்கள் என்பதை எண்ணத் தொடங்கினார்.

அந்த முறைக்கு எதிர்ப்பும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. எண்ணிக்கைக்காகத் தயாராகாத பிள்ளைகளையும் தேர்வில் உட்காரவைத்துவிட்டு, முடிவு மோசமாக வந்தாலும் பள்ளி பட்டியலில் மேலே போய்விடலாம். யு.எஸ். நியூஸ் என்ற இதழ் 2007-ல் தொடங்கிய பட்டியல் வேறு கோணத்திலும் பார்த்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் எவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுத்து, அப்படிப்பட்ட பள்ளியிடம் எதிர்பார்க்கக்கூடிய முடிவைவிட மாநிலத் தேர்வில் கூடுதலாகச் செய்திருக்கிறதா என்று கேட்டது.

எங்களுக்கு அந்த அளவு தரவு கிடைக்காது, தேவையும் இல்லை. ஆனால் இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டோம். கதவைத் திறந்துவிட்டார்களா? உள்ளே விட்டபின் கூட நின்றார்களா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் பள்ளியை விட்டு வெளியே போய், அடுத்த படிப்பில் முதல் சில மாதம் தட்டுத்தடுமாறி எழுந்தவர்கள்தான். அவர்கள் எங்கள் கைபேசியிலேயே இருந்தார்கள்.

பழைய மாணவர்களைக் கேட்டோம்

2023 ஜூனில் 30 பேருக்கு நான்கு கேள்விகள் அனுப்பினோம். புதுக் கல்லூரியில் முதல் மூன்று மாதத்தில் எது உங்களைத் திணறவைத்தது? கூடப் படிப்பவர்களுக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரிந்திருந்தது, அதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? எடுக்க ஆசைப்பட்டு, பள்ளி எடுக்க விடாத பாடம் ஏதாவது உண்டா? பள்ளியில் இன்னும் யாரிடம் பேசுகிறீர்கள்? 21 பேர் பதில் எழுதினார்கள், சிலர் பக்கம் பக்கமாக. ஒன்பது பேர் நேரிலும் வந்தார்கள்.

மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்கள்தான் எங்களை உலுக்கின. உயர்நிலை 2 முடிவில் மேல்வகுப்புக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கூடுதல் கணிதம் எடுக்காவிட்டால் தொடக்கக் கல்லூரியில் எச்2 என்கிற கடினமான கணக்குப் பாடம் மலையாகிவிடும், பொறியியல் பட்டயப் படிப்பிலும் கஷ்டம். ஒரு பள்ளியில் உயர்நிலை 2 ஆண்டிறுதியில் குறிப்பிட்ட மதிப்பெண் இல்லாதவர்களுக்கு அந்தப் பாடம் கிடையாது, பேச்சே இல்லை. இன்னொரு பள்ளியில், அது எங்கள் பட்டியலில் பதினொன்றாவது, ஆசைப்படுகிறவர்களை உயர்நிலை 3-ன் பாதி வரை எடுத்துப் பார்க்க விட்டார்கள், வாரத்துக்கு இரண்டு மதியம் கூடுதலாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்த ஒரு பையன் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வில் கூடுதல் கணிதத்தில் சி6 வாங்கினான், அதாவது கடைசித் தேர்ச்சி. அந்த சி6 பள்ளியின் சராசரியைக் கீழே இழுத்திருக்கும். அவனுக்கோ பொறியியல் முதல் பருவத்தில் வகைநுண்கணிதம் வந்தபோது, "இது நமக்குத் தெரிஞ்ச முகம்தானே அங்கிள்னு தோணுச்சு" என்றான்.

அவனோடு வந்த பெண் தன் உயர்நிலை 3 புவியியல் கள ஆய்வு நோட்டை எடுத்து வந்திருந்தாள். கிராஞ்சிப் பக்கம் ஒரு கால்வாயின் நீரோட்டத்தை அளந்து எழுதியது. நீல நிற அட்டை, மூலை மடங்கி, உள்ளே ஒரு இடத்தில் மழையில் நனைந்து மை பரவியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: எப்படித் தெரியும்? மதிப்பெண்ணைத் தேடினேன், கடைசிப் பக்கத்தில்தான் இருந்தது. எட்டாம் பக்கத்தில் அவள் அந்தக் கேள்விக்குக் கீழேயே பென்சிலில் பதில் எழுதியிருந்தாள், மூன்று முறை அளந்து சராசரி எடுத்தோம் என்று. அதற்குக் கீழே ஆசிரியர் ஒரு சரி போட்டு, மூன்றும் ஏன் ஒன்றாக இல்லை என்று இன்னொரு கேள்வி. தொழிற்கல்லூரியில் முதல் ஆய்வு அறிக்கை எழுதச் சொன்னபோது வகுப்பில் பாதிப் பேர் முழித்தார்கள், இவள் முழிக்கவில்லை. காரணம் அந்த நோட்டு என்று அவளே சொன்னாள்.

கட் ஆஃப் பட்டியலில் உச்சிக்கு அருகில் இருக்கிற ஒரு பள்ளியிலிருந்து தொடக்கக் கல்லூரிக்குப் போன பெண் ஒருத்தியும் எழுதியிருந்தாள். எல்லாப் பாடத்துக்கும் அச்சடித்த குறிப்பு தந்துவிடுவார்கள், பத்தாண்டு வினாத்தாள்களை மூன்று சுற்று போடவைப்பார்கள், முடிவும் அருமையாக வந்தது. ஆனால் தொடக்கக் கல்லூரியில் பெரிய அரங்கில் விரிவுரை, நாமே குறிப்பெடுக்க வேண்டும், அப்புறம் சிறு குழு வகுப்பில் நாமே பேச வேண்டும். கல்லூரியின் முதல் உள்தேர்வில் இரண்டு பாடத்தில் தோற்றாள். வருடக் கடைசிக்குள் சமாளித்துக்கொண்டாள். அதே பள்ளியில் படித்த இன்னொருவன் தன் இலக்கிய ஆசிரியரைப் பற்றி இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்ததையும் சொல்ல வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் இரண்டும் இருந்தன.

இந்தக் கட்டத்தில் எங்களுக்கு இன்னோர் அடி விழுந்தது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, எங்களிடம் முன்பு படித்த ஒருவன் நண்பனைப் பார்க்க மன்றத்துக்கு வந்திருந்தான். பள்ளியில் தொழில் சார்ந்த வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் படித்து, தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் (ஐடிஇ) ஹையர் நைடெக் என்ற தொழிற்சான்றிதழுக்குப் படித்துக்கொண்டிருந்தவன். "அண்ணா, எனக்கு ஏன் அந்தப் படிவம் வரலை?" என்று கேட்டான். மேல்படிப்பு என்றால் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். நான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன். "ஐடிஇயும் காலேஜ்தானே அண்ணா, பேர்லயே இருக்கு" என்றான், கோபமில்லாமல். உண்மைதான். ஹையர் நைடெக் முடித்து, தொழிற்கல்லூரிக்குப் போய், பிறகு பல்கலைக்கழகம் போனவர்கள் நம் சமூகத்தில் நிறைய. அன்றைக்கே அவனுக்கும் அவனைப் போன்ற ஐந்து பேருக்கும் கேள்விகளை அனுப்பினோம். அவன் பதிலில், வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் எடுத்த ஆசிரியர் பள்ளி முடிந்த பிறகும் பட்டறையைத் திறந்து வைத்திருப்பார், பாழான பொருளைத் தூக்கிப் போடாமல் எங்கே பிழை நேர்ந்தது என்று கண்டுபிடிக்கவைப்பார் என்று எழுதியிருந்தான்.

கேடயத்தைக் கைவிட்டது ஏன்

செப்டம்பரில் முடிவெடுக்க உட்கார்ந்தோம். மூன்று பள்ளிகளின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கேடயம் கொடுத்துவிடலாம்தான். நாங்கள் அதைச் செய்யவில்லை. ஒரு பள்ளிக்கு எங்களிடம் இருந்த சாட்சி மூன்று, நான்கு பிள்ளைகள், அதை வைத்து 'சிறந்த பள்ளி' என்று மேடையில் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. அதைவிட முக்கியம், பிள்ளைகள் புகழ்ந்தது பள்ளியைக்கூட அல்ல, ஒரு கணிதப் பிரிவை, ஒரு புவியியல் ஆசிரியரை, ஒரு பட்டறையை. ஆசிரியர்கள் இங்கே பள்ளி மாறுகிறவர்கள், கேடயம் மட்டும் கண்ணாடி அலமாரியில் நிற்கும். கேடயம் கொடுத்த மறுநாள் அதன் படம் எந்தெந்தக் கைபேசிக்குப் போகும், எந்த அம்மா எந்தப் பள்ளியை முதலில் போடுவார் என்பது எங்களுக்கு இப்போது தெரியும்.

தமிழாசிரியர்களுக்கு 2002 முதல் நல்லாசிரியர் விருது இருக்கிறது, அதற்கு மாணவர்களே முன்மொழியலாம், அது நன்றாக நடக்கிறது. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கணக்கும் புவியியலும் பட்டறை வேலையும் சொல்லிக்கொடுத்த சீன, மலாய், இந்திய ஆசிரியர்களுக்கு நம் சமூகத்திலிருந்து ஒரு நன்றி போனதாக எங்களுக்கு நினைவில்லை. அதனால் கடிதம் எழுதுவதென்று முடிவு செய்தோம். வரிசை கிடையாது, 'சிறந்த' என்ற சொல் கிடையாது. உங்கள் பள்ளியில் இன்னார் இதைச் செய்தார், அதனால் எங்கள் பிள்ளை கல்லூரியில் இதைச் செய்ய முடிந்தது என்று பிள்ளையின் சொற்களிலேயே. பள்ளி முதல்வருக்கு ஒரு நகல், அந்த ஆசிரியருக்கு ஒரு நகல்.

பெரியவரிடம் சொல்லப் போனது எனக்குக் கஷ்டமான மாலை. "கேடயம் இல்லேன்னா மேடை இல்லை, மேடை இல்லேன்னா யாருக்குத் தம்பி தெரியும்?" என்றார். அவர் கேட்டது தன் பெயருக்காக இல்லை, நல்லது செய்தவர்களை நாலு பேர் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற ஆசைதான். நான் வாதாடவில்லை, அந்த நீல நோட்டைக் கொடுத்தேன். ஆங்கிலம் மெதுவாகத்தான் படிப்பார். விரலை வைத்து வைத்து ஓரத்துச் சிவப்பு மையைப் படித்தார். "எனக்கு யாரும் இப்படிக் கேட்டதில்லையே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சரி, கடிதமே எழுதுங்க, காசை என்ன செய்யப் போறீங்க என்று கேட்டார். பழைய மாணவர்களையும் பெற்றோரையும் உட்காரவைக்கிற ஒரு மாலைக்கும், தொடக்கக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு கிராஃபிக் கால்குலேட்டர் வாங்கவும் என்றோம். அது ஒன்று நூறு வெள்ளிக்கு மேல், எச்2 கணக்குக்கு அது இல்லாமல் முடியாது. சம்மதித்தார்.

அதன் பின் நடந்தது

2023 நவம்பரில், தேர்வு முடிவு வருவதற்கு முந்தின சனிக்கிழமை, முதல் மாலை நடந்தது. அது குழப்பமான வருடம். 2024-ல் உயர்நிலை 1-க்குப் போகிறவர்களுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை, மூன்று சேர்க்கைக் குழுக்களும் பாடவாரியாக ஜி1, ஜி2, ஜி3 என்று கடினம் ஏறுகிற நிலைகளும் வந்துவிட்டன. பெற்றோர் கட் ஆஃப் கேட்டார்கள்தான், கேட்காமல் இருக்க மாட்டார்கள், பிள்ளைக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று கணிக்க அது வேண்டும். ஆனால் பழைய மாணவர்கள் பேசப் பேசக் கேள்விகள் மாறின. ஜி2-ல் தொடங்குகிற பாடத்தை எப்போது ஜி3-க்கு உயர்த்தலாம், அதற்குப் பிள்ளை என்ன காட்ட வேண்டும், முடியாமல் தவித்தால் யார் உதவுவார்கள், பள்ளி முடிந்தபின் ஆசிரியரைப் பார்க்க முடியுமா, தமிழ் பள்ளியிலேயே இருக்கிறதா. இவற்றை ஒரு பக்கத்தில் அச்சடித்து, பள்ளிகளின் திறந்த இல்ல நாளில் கேட்பதற்காகக் கொடுத்தோம்.

2024 பிப்ரவரியில் மூன்று பள்ளிகளுக்கும் கடிதங்கள் போயின. ஒரு பள்ளியின் கணிதத் துறைத் தலைவர் டீச்சரை அழைத்து அரை மணி நேரம் பேசினார். அந்த சி6 பையனை அவருக்கு நன்றாக நினைவிருந்தது, கடிதத்தை ஆசிரியர் அறையில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார். இன்னொரு பள்ளியிலிருந்து இரண்டு வரியில் நன்றி வந்தது. பட்டறை ஆசிரியருக்கு எழுதியதற்கு முதலில் பதில் இல்லை. அவர் வேறு பள்ளிக்கு மாறியிருந்தார், கடிதம் சுற்றிச் சுற்றி மே மாதம் அவர் கைக்குப் போயிருக்கிறது. அவர் எங்களுக்கு எழுதவில்லை, நேராக அந்தப் பையனுக்கு எழுதினார். அவன் அதை எங்களிடம் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

தூரத்துப் பள்ளிக்குப் போன பிள்ளை அங்கேயே தொடர்கிறான். பள்ளி மாற்றம் பற்றி யோசித்தார்கள், அவனுக்கு நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள், வேண்டாம் என்றான். படிப்பு மோசமில்லை. காற்பந்து போனது போனதுதான்.

இப்போது தொடங்கினால்

முதலில், வரைவு எதையும் பள்ளிப் பெயரோடு கோப்பில் வைக்க மாட்டோம். ஆலோசிக்கும்போது அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டுக்கொள்வோம். இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

எங்களுக்குப் பதில் சொன்னவர்கள் எங்களோடு தொடர்பில் இருந்தவர்கள் மட்டுமே. பாதியில் படிப்பை விட்டவர்கள், எங்கள் வகுப்பையே பிடிக்காமல் போனவர்கள், அவர்களிடம் கேட்டால் அதே பள்ளிகளைப் பற்றி வேறு கதை வரலாம். 2024-ல் அப்படி நான்கு பேரைத் தேடிப் பிடித்தோம், இரண்டு பேர் பேசினார்கள். அதில் ஒருவன் நாங்கள் கடிதம் எழுதிய பள்ளிகளில் ஒன்றில் படித்தவன், அங்கே தன்னை யாரும் கவனிக்கவில்லை என்றான். கடிதத்தை நாங்கள் திரும்பப் பெறவில்லை, அதில் சொன்னது நடந்த விஷயம்தான். ஆனால் அந்தப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் கேட்டால் இரண்டையும் சொல்கிறோம்.

ஒரே ஒரு முறை கேட்டதும் போதாது. முதல் மூன்று மாதத்தில் தடுமாறியவர்கள் இரண்டாம் வருடத்தில் முந்தியிருக்கிறார்கள், மாறாகவும் நடந்திருக்கிறது. அதனால் இப்போது முதல் வருடக் கடைசியில் இன்னொரு தடவை கேட்கிறோம்.

பெற்றோருக்குக் கொடுக்கிற கேள்வித் தாளையும் வருடாவருடம் திருத்த வேண்டியிருக்கிறது. 2027-ல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே பொதுச் சான்றிதழ் வருகிறது, 2028 முதல் தொடக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆறு பாடத்துக்குப் பதில் ஐந்து பாட மதிப்பெண்ணைத்தான் கூட்டப்போகிறார்கள். ஒரு பாடம் குறைவதால் கடினமான பாடத்தை எடுத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்குத் துணிச்சல் வருமா, இல்லை பள்ளிகள் இன்னும் பாதுகாப்பாகப் பாடம் ஒதுக்குமா என்று ஒவ்வொரு பள்ளியிலும் கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

தாளின் கடைசிக் கேள்வி மட்டும் நாங்கள் எழுதியதல்ல. இரண்டாவது வருட மாலைக்கு அந்த அம்மா வந்திருந்தார், பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கேள்வித் தாளை முழுவதும் படித்துவிட்டு, பேனா கேட்டு வாங்கிக் கீழே ஒரு வரி எழுதி என்னிடம் தந்தார். அதை அப்படியே அச்சில் சேர்த்துவிட்டோம்: "மழை பெய்கிற ஒரு நாளில், பள்ளி நேரத்தில், நீங்களும் பிள்ளையும் ஒரு தடவை போய்வந்து பார்த்தீர்களா?"